சேலத்துக்கு எந்த நூல், ஏற்காட்டுக்கு எந்த நூல்?

கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற கைவேலைதான் குரோஷா. கடைவீதிக்குப் போய் "குரோஷா போடணும், நூல் காட்டுங்க" என்று கேட்டால், நம் ஊரில் முதலில் எடுத்துப் போடுவது உல்லன். ஸ்வெட்டரும் உல்லன், குழந்தைக் குல்லாவும் உல்லன், வாசல் தோரணத்தில் தொங்கும் பூவும் உல்லன். அந்த உருண்டையின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நூறு சதவீதம் அக்ரிலிக் என்றுதான் போட்டிருக்கும், அதாவது செயற்கை இழை. ஆட்டு ரோமம் ஓர் இழைகூட இருக்காது. பழகிய புதிதில் எனக்கும் இது தெரியாது. அக்ரிலிக்கை வாங்கி வைத்துக்கொண்டு, கம்பளிக்குச் செய்கிற பக்குவமெல்லாம் அதற்குச் செய்துகொண்டிருந்தேன்.

லேபிள் கழன்றுபோன உருண்டை வீட்டில் கிடந்தால், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பஞ்சு நூல் காகிதம் போல எரியும்; சுடர் அணைந்த பிறகும் நுனியில் கங்கு ஊரும்; சாம்பல் தொட்டால் பொடிந்துபோகும். கம்பளி மனமில்லாமல் சுருண்டு எரியும், தீயை எடுத்ததும் தானே அணையும், முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகும். ஆறியதும் நுனியில் கறுப்பாக ஒரு மணி நிற்கும், மிளகில் பாதி அளவு. நகத்தால் நசுக்கினாலும் உடையாது. இந்த மூன்றையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்தால் பிறகு எந்தக் கடையிலும் குழப்பம் வராது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா மகள். காலேஜ் லீவில் குரோஷா பழகிக்கொண்டு இரண்டு போர்வை பின்னப் போகிறாள். ஏற்காட்டில் அப்பா அம்மாவுக்கு ஒன்று, இங்கே சேலம் அம்மாப்பேட்டையில் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஒன்று. கட்டில் நிறைய விரிக்கிற பெரிய போர்வை இல்லை. சோபாவில் மடித்துக் கிடக்கும், டிவி பார்க்கும்போது கால்மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் சின்னது. 120க்கு 150 சென்டிமீட்டர். "ஒரே நூலா மொத்தமா வாங்கி ரெண்டையும் பின்னிடலாமே சித்தி" என்றாள். வேண்டாம் என்றேன். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். ஆனால் கீழே நாம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில். மேலே அவர்கள் இருப்பது 1,500 மீட்டரில். இங்கே சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கே மார்கழி ராத்திரியில் 13 பக்கம் இறங்கும். மழையும் மூட்டமும் அங்கே அதிகம். இரண்டு வீட்டுக்கும் ஒரே நூல் சரிவராது என்பதை நான் ஒரு போர்வையைப் பின்னிக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு நான் முதலில் பின்னிக்கொடுத்தது காட்டன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த வீட்டுப் பெண்ணுக்குப் பஞ்சு நூலைவிட உசத்தியாக வேறு எது தோன்றும்? ஆவணியில் கொடுத்தேன், வெள்ளையும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து. ஐப்பசியில் போன் வந்தது. "ஏய், இது காயவே மாட்டேங்குதுடி. துவைச்சு நாலு நாளாச்சு." அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவள் வீடு காப்பித் தோட்டத்தை ஒட்டியது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூட்டம் சன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். தாழ்வாரத்துக் கொடியில் போர்வை தொங்கியது. தொட்டால் நமுத்த அப்பளம் மாதிரி இருந்தது. கொடியின் மேல் மடங்கிய இடத்தில் வரிசையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள், பூசணம். தண்ணீர்க் கனத்தில் தையல்கள் இழுபட்டு, 150 சென்டிமீட்டர் இருந்த நீளம் இஞ்சுடேப்பில் 171 காட்டியது. மார்கழியில் வெயில் வரும்தான். ஆனால் அப்போது களம் முழுக்கக் காப்பிக்கொட்டை காயும். போர்வைக்கு இடம் கிடையாது.

அன்றிலிருந்து நூல் கடையில் நான் முதலில் யோசிப்பது கையில் எப்படி இருக்கிறது என்பதை இல்லை. எந்தக் கொடியில், எத்தனை நாளில் காயும், யார் துவைப்பார்கள் என்பதைத்தான். கடையில் மென்மை எல்லா நூலிலும் இருக்கும். போர்வை பத்து வருஷம் இருந்தால் ஐம்பது தடவையாவது தண்ணீரில் நனையும்.

நடந்தது என்னவென்று பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கிற சாதாரணக் காற்றில் பஞ்சு தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைத் தானாக வைத்திருக்கும். கம்பளி 16 சதவீதம் வரைக்கும் வைத்திருக்கும். அக்ரிலிக் 2 சதவீதத்துக்கும் குறைவு. மூட்டத்தில் இந்த அளவு இன்னும் ஏறும். கம்பளி பஞ்சைவிட அதிகமாகக் குடித்தாலும் ஈரத்தை இழைக்குள்ளே இழுத்து வைத்துக்கொள்வதால் தோலுக்குச் சில்லென்று தெரியாது. பஞ்சு உடனே தெரிவிக்கும். போர்வை சூடு தருவது நூலால் மட்டும் இல்லை, நூலுக்கிடையே அடைபட்டு நிற்கிற காற்றால். பஞ்சு இழை ஈரத்தில் படுத்துவிடும், காற்றுக்கு இடம் போய்விடும். போதாததற்குப் பூசணத்துக்குப் பஞ்சு நல்ல தீனி.

அதே காட்டன், அம்மாப்பேட்டை வீட்டில் தங்கம். அம்மாவுக்குப் போர்வை வேண்டியது வருஷத்தில் இரண்டு சமயம்: ராத்திரி ஏசி ஓடும்போது, தை மாசத்து விடியற்காலையில். இரண்டுக்கும் காட்டன் போதும். வியர்த்தால் உறிஞ்சிக்கொள்ளும், உடம்பில் ஒட்டாது, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசலாம், மொட்டைமாடி வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு. கொடியில் தொங்கவிடக் கூடாது, படுக்கப்போட்டுத்தான் காயவைக்க வேண்டும். பழைய கயிற்றுக் கட்டில் இதற்கு உத்தமம். மேலும் கீழும் காற்றுப் போகும். காட்டனில் இன்னொன்று, எடை. அக்ரிலிக்கில் ஒரு கிலோவுக்குள் முடிகிற போர்வை காட்டனில் 1,200, 1,300 கிராம் வரும். வயதானவர்கள் துவைத்துப் பிழியும் வீடானால் இதையும் கணக்கில் வையுங்கள்.

சேலத்துக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: வீட்டில் சிட்டா நூல் (தறிக்காகக் கட்டுக் கட்டாக வரும் நூல்) மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அதிலேயே பின்னினால் என்ன? ஆசையாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் (கட்டு) எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ஒரு கிராமுக்கு 34 மீட்டர் ஓடும். இரண்டு இழை முறுக்கினால், அதாவது 2/20 என்றால், 17 மீட்டர். போர்வைக்கு ஏற்ற குரோஷா நூல் கிராமுக்கு இரண்டு மீட்டர்கூட வராது. ஆக 2/20 நூலை எட்டு, பத்து இழையாகச் சேர்த்துப் பிடித்தால்தான் அந்தத் தடிமன் கிடைக்கும். சேர்த்துப் பிடித்த இழைகளுக்குள் முறுக்கு இல்லாததால் ஊசியின் கொக்கி ஒவ்வொரு தடவையும் ஓரிரு இழையை விட்டுவிட்டு இழுக்கும். போர்வை முழுக்க மேலே சின்னச் சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும். தறிநூலைச் சேர்த்து முறுக்கித் தருகிற இடம் பழக்கமாக இருந்தால் செய்யுங்கள், நல்ல நூலாக வரும். இல்லையென்றால் அதைத் தறிக்கே விட்டுவிடுங்கள்.

கம்பளிக்கு வருவோம். மேச்சேரி ஆடு என்று நம் ஜில்லாவின் ஓர் ஊர் பெயரிலேயே ஓர் ஆட்டினம் இருக்கிறது. ஆனால் அது கறிக்கும் தோலுக்கும் பேர்போனது, ரோமம் நூற்க ஆகாது. கடையில் கிடைக்கிற மென்மையான கம்பளி நூல் பெரும்பாலும் ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டு ரோமம். லூதியானா ஆலைகளில் நூற்று வருகிறது. விலை, அக்ரிலிக் ஒரு பங்கென்றால் காட்டன் ஒன்றரையோ இரண்டோ, மெரினோ ஐந்தாறு பங்கு. ஒரு போர்வைக்கு இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

காசு கையில் இருந்தாலும் கம்பளிக்கு இரண்டு சத்துரு உண்டு. ஒன்று வாஷிங் மெஷின். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும். சூடும் சோப்பும் குலுக்கலும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு போர்வை சுருங்கித் தடித்துவிடும், மறுபடி பிரியாது. மற்றொன்று பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவுக்கு ரோமமும் பட்டும் ஒன்றுதான், இரண்டும் புரதம். பட்டுச் சேலையை மாசத்துக்கு ஒருதரம் எடுத்து மடிப்பு மாற்றி, வசம்பு போட்டு வைப்போமே, அதே கவனம் கம்பளிப் போர்வைக்கும் வேண்டும். வருஷத்தில் பத்து மாசம் பீரோவுக்குள் கிடக்கும் சேலம் வீட்டில் இது நடக்காது. நான் பின்னிய கம்பளிச் சால்வை ஒன்றில் இரண்டு கோடைக்குப் பிறகு பென்சில் நுழைகிற அளவில் பதினோரு ஓட்டை எண்ணினேன்.

அப்படியென்றால் கம்பளி யாருக்குமே வேண்டாமா? ஒருவருக்கு வேண்டும். அக்காவின் மாமனார் குளிர்காலத்தில் விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு குளிர்காய்கிறவர். தொட்டிக்கு மேலே பிடித்துப் பார்த்த அந்தக் கறுப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் போர்வையில் ஒரு பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி சுலபத்தில் பற்றாது. நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு இதில் சமரசமே கூடாது. சின்னதாக முழங்காலுக்கு மட்டும் போதுமான அளவில் என்றாலும் கம்பளியிலேயே பின்னிக் கொடுங்கள். அவருக்கு 70க்கு 90 சென்டிமீட்டரில் ஒன்று போட்டேன், 400 கிராமுக்குள் முடிந்தது. அவரே கையால் அலசிக்கொள்கிறார்.

மலை வீட்டில் நெருப்புப் பக்கம் உட்காராதவர்களுக்கு அக்ரிலிக். 1950 வாக்கில் அமெரிக்காவில் கம்பளிக்கு மாற்றாக விற்பனைக்கு வந்த செயற்கை இழை இது. பலர் இதை ஏழைகளின் கம்பளி என்று இளப்பமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏற்காட்டு மூட்டத்தில் ஒரே நாளில் காய்கிறது, பூசணம் பிடிக்காது, பூச்சி தின்னாது, வருஷக்கணக்கில் நிறம் போகாது, மெஷினில் போடலாம். கம்பளியைவிட இழை லேசானது, அதனால் தடிமனாகப் பின்னினாலும் கனக்காது. அதன் குறைகளும் சொல்ல வேண்டும். கை வியர்க்கும் சேலத்துக் கோடையில் அதைப் பின்னுவதே சிரமம், நூல் கொக்கியில் கிறீச்சிடும். போர்த்தினால் வியர்வை உள்ளேயே நிற்கும். மலிவான ரகத்தில் ஆறு மாசத்தில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். நூலை உள்ளங்கையில் நூறு தடவை தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்கவே கூடாது. சூடு பட்ட இடம் தளர்ந்து தொளதொளவென்று ஆகிவிடும், திரும்ப வராது.

மில்க் காட்டன் என்று விற்பது பெரும்பாலும் காட்டனும் அக்ரிலிக்கும் கலந்தது. பொம்மைக்கு அருமை, போர்வைக்கு இரண்டு குணமும் அரைகுறையாகக் கிடைக்கும். வெல்வெட் நூல் தொட்டால் விடவே மனசு வராது, ஆனால் தையல் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். முதல் போர்வைக்கு வேண்டாம்.

நூல் முடிவானால் அடுத்தது எப்படிப் பின்னுவது: சின்னச் சின்னச் சதுரமாகப் போட்டுக் கோப்பதா, ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக ஏற்றுவதா, நடுவிலிருந்து ஒரே பெரிய சதுரமாகச் சுற்றுவதா? இதிலும் நம் ஊர் வெயிலுக்குப் பங்கு உண்டு. வரிசையாகப் பின்னும் போர்வை பாதிக்கு மேல் வளர்ந்ததும் மடியில் அரை கிலோ நூல் கிடக்கும். வைகாசியில் கரண்ட் போன மத்தியானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னிப் பாருங்கள், தெரியும். சதுரம் என்றால் உள்ளங்கை அளவுதான் கையில் இருக்கும். ஏற்காடு பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைத்தால் மலை ஏறி முடிப்பதற்குள் ஒன்று முடித்துவிடலாம் (தலை சுற்றாதவர்களாக இருந்தால்).

ஆனால் சதுரத்தின் வேலை கடைசியில் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் சதுரம் என்றால் அகலத்தில் 8, நீளத்தில் 10, மொத்தம் 80. ஒவ்வொன்றிலும் நாலு நிறம் மாற்றினால் நிறத்துக்கு இரண்டு நுனி, ஒரு சதுரத்துக்கு எட்டு நுனி. 640 நூல் நுனியைத் தையல் ஊசியில் கோத்து உள்ளே செருக வேண்டும். அதற்குப் பிறகுதான் கோக்கிற வேலையே ஆரம்பம். பலருடைய அலமாரியில் முடியாத போர்வைகள் சதுரங்களாகவே உறங்குவது இதனால்தான். பல பேர் சேர்ந்து செய்வதென்றால் கதை வேறு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் குரோஷா போடும் பெண்கள் ஒன்றுசேர்ந்து, ஆளாளுக்கு வீட்டில் போட்ட துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அத்தனை கை சேரும் இடத்தில் சதுரத்தைத் தவிர வேறு வழியில்லை. ஒற்றைக் கைக்கு 30 சென்டிமீட்டர் சதுரம் போடுங்கள், 20 போதும். நிறத்தையும் இரண்டோடு நிறுத்துங்கள்.

வரிசைப் பின்னலில் வேறொரு வில்லங்கம், ஓரம். வரிசை திரும்பும்போது கடைசித் தையலைப் பார்க்காமல் விட்டால் ஒன்று குறையும். முப்பது வரிசை போன பிறகு விரித்துப் பார்த்தால் கீழே அகலமாகவும் மேலே குறுகியும் பாவாடையை விரித்துப் போட்டது மாதிரி நிற்கும். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வைத்து எண்ணிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்த வழி நல்லது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மூன்று மூன்று தையல் கொண்ட கொத்தாக, நாலு மூலையிலும் இரட்டைக் கொத்து. சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். ஓரம் கிடையாது, எண்ண வேண்டாம், கோக்க வேண்டாம். நூல் தீர்ந்த இடத்தில் நிறுத்தினாலும் அது முழுப் போர்வைதான். நீளம் வேண்டுமென்றால் கடைசியில் இரண்டு பக்கம் மட்டும் சில வரிசை ஏற்றிக்கொள்ளலாம். கொத்துகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் காட்டனில் காற்றோட்டம் கிடைக்கிறது. ஏற்காட்டுக்கு அந்த இடைவெளி ஆகாது, குளிர் நுழையும். அங்கே வரிசைப் பின்னல், ஹாஃப் டபுள் தையலில் (அமெரிக்க வழக்கில் சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்), நெருக்கமாக.

தையல் பெயரில் ஒரு எச்சரிக்கை. அம்மா பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் பழகியவர், பெயரெல்லாம் இங்கிலாந்து வழக்கம். அக்கா மகள் பழகியது அமெரிக்க வீடியோவில். அமெரிக்காவில் டபுள் என்பது இங்கிலாந்தில் டிரெபிள். இங்கிலாந்தின் டபுள் அமெரிக்காவின் சிங்கிள். "பாட்டி, நாலு சுற்று டபுள் போட்டுக் குடுங்க" என்று இவள் கேட்க, அவர் அவருக்குத் தெரிந்த டபுளைப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று உள்ளங்கை அளவு, மற்றொன்று அதில் பாதி, கால்மிதி போல விறைப்பு. மாதிரி பார்த்துப் பின்னுகிறவர்கள் அது எந்த ஊர் வழக்கம் என்று முதலில் பாருங்கள்.

எத்தனை உருண்டை என்பதை யாரையும் கேட்காதீர்கள், உங்கள் கை இறுக்கம் உங்களுக்குத்தான் தெரியும். ஓர் உருண்டை வாங்கி, 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் ஊசியில் முழுசும் பின்னி அளந்து பாருங்கள். 40க்கு 50 வந்தால் 2,000 சதுர சென்டிமீட்டர். போர்வை 120க்கு 150, அதாவது 18,000. ஒன்பது உருண்டை, ஓரத்துக்கு ஒன்று சேர்த்துப் பத்து. பத்தையும் ஒரே நாளில், ஒரே லாட் நம்பரில் (ஒரே தடவையில் சாயம் போட்டது) வாங்குங்கள். கடைசி ஒன்றை மட்டும் மூன்று மாசம் கழித்து வாங்கினேன் நான். கடையின் ட்யூப் லைட்டில் அதே மெரூன்தான். வீட்டு வாசல் வெளிச்சத்தில் கடைசிச் சாண் அகலம் பீட்ரூட் நிறமாகத் தெரிந்தது, இன்றைக்கும் தெரிகிறது.

போன வாரம் இருவரும் போய் வாங்கி வந்துவிட்டோம். ஏற்காட்டுக்கு ஆரஞ்சுப் பழ நிறத்தில் அக்ரிலிக் பத்து உருண்டை, அம்மாப்பேட்டைக்கு மோர் வெள்ளையில் காட்டன் பன்னிரண்டு. வெயில் காலமாக இருப்பதால் காட்டனை முதலில் எடுத்திருக்கிறாள். நடுச்சதுரம் ஏழாவது சுற்றில் இருக்கிறது. அம்மா அதை வாங்கி விரல்விட்டுப் பார்த்துவிட்டு, மாடியில் கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோய் இருப்பதை ஞாபகப்படுத்தினார். போர்வை முடிவதற்குள் கயிறு மாற்றிக் கட்ட ஆள் சொல்லியாகிவிட்டது.